கடுமையான வைரஸ் காய்ச்சலில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பது: டயாலிசிஸுக்குச் சம்மதிப்பதா, பொறுத்திருப்பதா?

கோட்டையூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு வயது 64, எடை 70 கிலோ. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள். காய்ச்சலும் உடம்பு வலியுமாக ஆரம்பித்து, மூச்சுத் திணறல் கூடி, இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார்கள். எச்1என்1 இன்ஃப்ளூயன்ஸா என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. சேர்க்கும்போது 1.1 ஆக இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) இன்று காலை 3.2 ஆகியிருக்கிறது, சிறுநீரும் நன்றாகக் குறைந்துவிட்டது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று மருத்துவர்கள் எங்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த உறவினர்களோ, ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது, கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறார்கள். நுரையீரலில் வந்த நோய் சிறுநீரகத்துக்கு எப்படிப் போனது, டயாலிசிஸ் தொடங்கினால் அது நிரந்தரமாகிவிடுமா, செய்வதாயின் இப்போதே செய்வது நல்லதா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஆத்தங்குடி அன்பர்:
தம்பி, அப்பச்சி நலமாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்காளி ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு வாரம் மூன்று முறை என்று கடைசி வரைக்கும் அதுவே வாழ்க்கையாகிவிட்டது. இயந்திரம் வேலையைப் பார்க்க ஆரம்பித்தால் சிறுநீரகம் தன் வேலையை விட்டுவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வைரஸ் சிறுநீரகத்தை அரித்துவிட்டதென்றால், அரித்தது திரும்ப வளருமா? நன்றாக விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

தேவகோட்டையான்:
நான் சிறுநீரக மருத்துவத்தில் பணியாற்றுபவன். நோயாளியை நேரில் பார்க்காமல் அவருடைய சிகிச்சையைப் பற்றி நான் முடிவு சொல்ல இயலாது; அதை அங்குள்ள மருத்துவர்களே சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டவற்றுக்குப் பொதுவான விடைகள் உண்டு.

முதலில், ஆத்தங்குடி ஐயா குறிப்பிடும் பங்காளிக்கு வந்ததும் இங்கே வந்திருப்பதும் வெவ்வேறு நோய்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகி, மீள முடியாத நிலையை எட்டுவது நாள்பட்ட செயலிழப்பு. அவருக்கு டயாலிசிஸ் நிற்காமல் தொடர்ந்ததற்குக் காரணம், தொடங்கும்போதே சிறுநீரகம் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்ததுதான். இயந்திரம் அதைக் கெடுக்கவில்லை. சில நாட்களுக்குள் ஏற்படும் திடீர்ப் பாதிப்பில் வடிகட்டிகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அடி வாங்குவது அவற்றை அடுத்துள்ள நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள். அவை உதிர்ந்தாலும் எஞ்சியவை பெருகி மீண்டும் சுவரை மூடக்கூடியவை. அதற்கு வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை உயிரைக் காப்பதுதான் டயாலிசிஸின் வேலை. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கி, 1945-இல் முதன்முதலாக ஓர் உயிரை அதனால் காப்பாற்றியபோது, அந்த 67 வயதுப் பெண்மணிக்கு இருந்ததும் திடீர்ச் செயலிழப்புதான். சிறுநீரகம் மீண்டு, அவர் அதன் பிறகு இயந்திரமின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

அடுத்து, நுரையீரல் நோய் ஏன் சிறுநீரகத்துக்குப் போனது என்ற கேள்வி. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியாகவே ஓடுகிறது. அவ்வளவு ரத்தம் பாய்ந்தாலும், அவற்றின் உட்பகுதி எப்போதுமே ஆக்சிஜன் பற்றாக்குறையின் ஓரத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே ரத்த அழுத்தம் சற்றே சரிந்தாலும் முதலில் தவிப்பது அந்தப் பகுதி. கடுமையான தொற்றில் உடலின் எதிர்வினை கட்டுமீறி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, அழுத்தம் விழுகிறது. நுண்குழாய்களுக்குள் ரத்தம் சீராக ஓடாமல் திட்டுத்திட்டாகத் தடைபடுகிறது. காய்ச்சலாலும் வேகமான மூச்சாலும் உணவு இறங்காததாலும் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே நீர் வற்றியிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. இத்தனைக்கும் மேலே வென்டிலேட்டர்.

வென்டிலேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதை நுரையீரலோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள். நாமாக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, உடலெங்குமுள்ள ரத்தம் இதயத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. இயந்திரம் காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும்போது இது நேர்மாறாகிறது: இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, சிரைகளில் தேக்கம் ஏற்படுகிறது, அந்தத் தேக்கம் சிறுநீரகத்திலிருந்து வெளியேற வேண்டிய ரத்தத்தையும் தடுக்கிறது. ஆக, உள்ளே வரும் அழுத்தம் குறைவு, வெளியே போகும் வழியில் நெரிசல். நுரையீரல் மோசமாக இருக்கும் நோயாளிக்கு வென்டிலேட்டரில் உயர்ந்த அழுத்தத்தை வைக்காமலும் முடியாது. இதனால்தான் இந்த இரண்டு உறுப்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மானகிரி மாணவர்:
ஐயா, நான் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 ஏற்பி சிறுநீரக நுண்குழாய்களில் நிறைய உண்டு என்று படித்தோம். அப்படியானால் வைரஸ் நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்குவது உண்மைதானே?

தேவகோட்டையான்:
நல்ல கேள்வி, தம்பி. ஏற்பி இருப்பது உண்மை. ஆனால் ஏற்பி இருக்கிறது என்பதாலேயே பாதிப்பு முழுவதும் அதன் வழியாகத்தான் வந்தது என்று ஆகிவிடாது. சில உடற்கூறாய்வுகளில் சிறுநீரகத்தில் வைரஸின் தடயம் காணப்பட்டது, பலவற்றில் காணப்படவில்லை. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது பெரும்பாலும் தெரிந்தது நுண்குழாய்ச் செல்களின் பாதிப்புதான், அதாவது எந்தக் கடுமையான நோயிலும் தெரிவது. ஒரு விதிவிலக்கு உண்டு: மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு, கொரோனாவின்போது வடிகட்டிகளே சுருங்கிப் புரதம் பெருமளவில் கசியும் நோய் வந்தது. நம் பகுதி நோயாளிகளிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று அது.

நோயின் கடுமைதான் முதன்மையானது என்பதற்கு வலுவான சான்று 2020-இல் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளிலிருந்து வந்தது. கொரோனாவால் அனுமதிக்கப்பட்ட 5,449 பேரை ஆராய்ந்ததில் 36.6 விழுக்காட்டினருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 89.7 விழுக்காடு, இல்லாதவர்களில் 21.7 விழுக்காடு. வைரஸ் ஒன்றுதான், அது உடலை எவ்வளவு தூரம் கீழே தள்ளியது என்பதில்தான் வேறுபாடு. பலருக்கு வென்டிலேட்டர் பொருத்திய நேரத்தை ஒட்டியே சிறுநீரகமும் தளர்ந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

சிறுநீரகத்தையே முதன்மையாகக் குறிவைக்கும் வைரஸ்களும் உண்டு. கொரியப் போரின்போது ஆயிரக்கணக்கான ஐ.நா. படைவீரர்களுக்குக் காய்ச்சலும் ரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்தன. காரணமான ஹான்டான் வைரஸை வயல் எலியிலிருந்து 1976-இல்தான் கண்டறிந்தார்கள். இன்ஃப்ளூயன்ஸா அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் அது தசைகளைச் சிதைக்கக்கூடும். சிதைந்த தசையிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற புரதம் நுண்குழாய்களை அடைத்து நஞ்சாகும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனதா என்று நினைவிருந்தால் கோட்டையூர்த் தம்பி மருத்துவரிடம் தெரிவிக்கட்டும். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் ரத்தம் இருப்பதாகக் காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுக்களே தென்படவில்லையென்றால், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்த அளவைப் பார்த்தாக வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் ஐயா கிரியேட்டினினைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, சிறுநீரை அளப்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன். கிரியேட்டினின் நேற்று நடந்ததைத்தான் இன்று சொல்லும். சிறுநீர் இந்த மணியில் நடப்பதை இந்த மணியிலேயே சொல்லிவிடும்.

சிறுநீர் சேரும் சாதாரணப் பையான யூரோபேக்கில் கோடுகள் ஐம்பது, நூறு என்று இடைவெளி விட்டுப் போட்டிருக்கும்; பை சற்றுச் சாய்ந்து தொங்கினால் முப்பது மில்லியும் தெரியாது, அறுபதும் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கு மேலே சிறிய, கெட்டியான பெட்டி போன்ற யூரோமீட்டர் ஒன்று இணைந்திருக்கும். குழாயில் தேங்கி நிற்பதை முதலில் வடித்துவிட்டு, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திக் கோட்டைப் படித்து, தாளில் எழுதி, பிறகு கீழ்ப்பையில் திறந்துவிட வேண்டும். மணிக்கு மணி இதைச் செய்ய வேண்டும். கணக்கு எளியது: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி. தம்பியின் அப்பச்சிக்கு 70 கிலோ என்றால் மணிக்கு 35 மில்லி. தொடர்ந்து ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால், ரத்தப் பரிசோதனை எதுவும் சொல்லாவிட்டாலும் அது சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. முதலில் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எதுவுமில்லை என்றால் மருத்துவரை அப்போதே அழைக்க வேண்டும்; காலைச் சுற்றுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கக் கூடாது.

பார்வை நேரத்தில் உள்ளே போகும் உறவினர்கள், ராத்திரி முழுக்க எவ்வளவு சிறுநீர் போனது, எவ்வளவு நீர் ஏற்றினார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பணிவோடு கேட்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேவகோட்டையான்:
ஆச்சி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக நோய் வழிகாட்டு அமைப்பின் 2012-ஆம் ஆண்டு வரையறையும் இதைத்தான் சொல்கிறது: கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடுவது, அல்லது ஏழு நாட்களுக்குள் பழைய அளவைப் போல ஒன்றரை மடங்காவது, அல்லது ஆச்சி சொன்ன ஆறு மணி நேரக் கணக்கு. இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். மூன்று மடங்கானால் மூன்றாம் நிலை. 1.1-இலிருந்து 3.2 என்பது ஏறத்தாழ 2.9 மடங்கு, அதாவது இரண்டாம் நிலையின் மேல் எல்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. படுக்கையில் கிடந்து தசை கரைந்துபோன நோயாளிக்கு அது குறைவாகக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே பழைய அளவு என்ன என்பது மிக மிகத் தேவையான செய்தி. வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் யாரையாவது எடுத்துவரச் சொல்லுங்கள்.

புதுவயல் மருந்துக்கடை:
கோட்டையூர்த் தம்பியிடம் ஒரு கேள்வி. மதுரைக்குக் கொண்டுபோவதற்கு முன்பு வலிக்கோ காய்ச்சலுக்கோ ஊசி போட்டீர்களா? வேறு மாத்திரை ஏதேனும் வாங்கிக் கொடுத்தீர்களா?

கோட்டையூர்க்காரன்:
ஆம். உடம்பு வலி தாங்க முடியாமல் இருந்ததால் பக்கத்து ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, அதே மருந்தை மாத்திரையாகவும் கொடுத்தார்கள். டெல்மிசார்டனும் அந்த நாட்களில் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாந்தியும் இருந்தது.

புதுவயல் மருந்துக்கடை:
இதை இன்றைக்கே அங்குள்ள மருத்துவர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். ஊசி என்றால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தனக்குள் வரும் குழாயை விரித்து, வெளியே போகும் குழாயை இறுக்கி, வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் முதல் வழியை அடைத்துவிடும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை இரண்டாம் வழியைத் தளர்த்திவிடும். உடலில் நீர் நிறைவாக இருக்கும்போது இது பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது. வாந்தியும் காய்ச்சலுமாக நீர் வற்றியிருக்கும்போது இரண்டும் சேர்ந்தால், கூடவே சிறுநீரைப் பெருக்கும் நீர்மாத்திரையும் சேர்ந்தால், சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியே இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மருந்துக் கணக்கு மாற வேண்டும். இன்ஃப்ளூயன்ஸாவுக்குக் கொடுக்கும் ஒசெல்டமிவிர் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வழக்கமான 75 மில்லிகிராம் இரண்டு வேளை என்பதை, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே போனால் 30 மில்லிகிராம் இரண்டு வேளையாகவும், 30-க்குக் கீழே போனால் 30 மில்லிகிராம் ஒரு வேளையாகவும் குறைப்பார்கள். மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு இன்சுலினுக்கு மாற்றியிருப்பார்கள். அமிகாசின், கோலிஸ்டின், வான்கோமைசின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உயிர்காக்கத் தேவைப்படலாம். தேவையென்றால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அளவைக் கண்காணித்துக்கொண்டு, தேவை தீர்ந்தவுடன் நிறுத்த வேண்டும்.

ஆத்தங்குடி அன்பர்:
விளக்கங்களுக்கு நன்றி. நாள்பட்டதும் திடீர்ப் பாதிப்பும் வேறு என்பது இப்போது புரிகிறது. இருந்தாலும் ஒரு சந்தேகம். டயாலிசிஸ் தீங்கற்றது என்றால், முன்கூட்டியே செய்து கழிவை வெளியேற்றிவிடலாமே? ஏன் காத்திருக்க வேண்டும்? காத்திருப்பது நல்லதென்றால், செய்வதில் ஏதோ கெடுதல் இருக்கிறது என்றுதானே பொருள்?

தேவகோட்டையான்:
ஐயா, மருத்துவர்களும் பல ஆண்டுகள் இதே கேள்வியோடுதான் மல்லாடினார்கள். 2020-இல் வெளியான ஸ்டார்ட்-ஏ.கே.ஐ. என்ற ஆய்வு, 15 நாடுகளில் 168 மருத்துவமனைகளில் ஏறத்தாழ மூவாயிரம் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு உடனே டயாலிசிஸ். மறு குழுவுக்குக் கட்டாயத் தேவை வரும்வரை, அல்லது பாதிப்பு 72 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்வரை பொறுத்திருப்பது. 90 நாள் முடிவில் இறப்பு விகிதம் முன்னதில் 43.9 விழுக்காடு, பின்னதில் 43.7 விழுக்காடு. வேறுபாடே இல்லை. பொறுத்திருந்த குழுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேருக்கு டயாலிசிஸ் செய்யவே நேரவில்லை. அவர்களுள் பலருக்குச் சிறுநீரகம் தானே மீண்டது, சிலர் அதற்குள் இறந்தும் போயினர். உயிர்பிழைத்தவர்களில் 90 நாள் கழித்தும் டயாலிசிஸைச் சார்ந்திருந்தவர்கள் உடனே செய்த குழுவில் 10.4 விழுக்காடு, பொறுத்திருந்த குழுவில் 6.0 விழுக்காடு.

உங்கள் ஐயம் ஓரளவு சரி என்று இந்தக் கடைசி எண்கள் காட்டுகின்றன. டயாலிசிஸ் தீங்கே இல்லாத சிகிச்சை அன்று. கழுத்திலோ தொடையிலோ பெரிய சிரையில் குழாய் போட வேண்டும். தொற்று வரலாம், ரத்தம் கசியலாம். செய்யும்போது ரத்த அழுத்தம் விழுந்தால், மீண்டுகொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது மறு அடி. ஆகவே தேவையில்லாமல் செய்யக் கூடாது. அதே சமயம், அந்த எண்களை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள்: இவ்வளவு கடுமையாக நோயுற்று, உடனே டயாலிசிஸ் செய்த குழுவில் உயிர்பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர் 90 நாளுக்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் விடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

தேவை வந்த பிறகு தயங்குவதும் தவறு. பொட்டாசியம் 6-ஐத் தாண்டி மருந்துக்கு மசியாமல் ஏறிக்கொண்டே போவது, ரத்தத்தில் அமிலம் கூடி பி.எச். 7.2-க்குக் கீழே இறங்குவது, நீர்மருந்துக்கும் அசையாமல் நுரையீரலில் நீர் கோத்து ஆக்சிஜன் ஏறாமல் இருப்பது, யூரியாவால் மூளையோ இதய உறையோ பாதிக்கப்படுவது: இவற்றில் எது வந்தாலும் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். பிரான்சில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, வரம்பைத் தாண்டி மேலும் தள்ளிப்போடுவதால் நன்மை இல்லை, தீங்கும் நேரக்கூடும் என்று காட்டியது. வெறும் கிரியேட்டினின் எண்ணை மட்டும் வைத்துத் தொடங்குவதும் இல்லை, மேற்சொன்ன நிலை வந்த பிறகு உறவினர்கள் ஊரிலிருந்து வந்து சேரட்டும் என்று நிறுத்தி வைப்பதும் இல்லை.

தம்பி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. எந்த நிலை வந்தால் தொடங்குவீர்கள் என்று மருத்துவர்களிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கான சம்மதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பொட்டாசியம் ஏறினால், கோட்டையூரிலிருந்து ஆள் வர ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். இதயம் அதுவரை காத்திருக்காது.

பள்ளத்தூர் ஆச்சி:
நீர்மருந்து பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். ஃபுரோசமைட் போட்டுச் சிறுநீர் வரவைத்தால் சிறுநீரகம் சரியாகிவிட்டது என்று உறவினர்கள் மகிழ்ந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோத்த நீரை இறக்க அது பயன்படும், பாதிப்பைக் குணப்படுத்தாது. சிறுநீரகத்தைக் காக்கும் என்று குறைந்த அளவில் டோபமின் என்ற மருந்தை ஓடவிடும் பழக்கமும் ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. 2000-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டிய பிறகுதான் மெல்ல மெல்ல மறைந்தது.

காரைக்குடி வாசகி:
இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். என் அம்மாவுக்கு டெங்கு முற்றி இதே நிலை வந்தது; ஆனால் எங்களுக்குப் புரியாமல் போனது வேறொன்று. முதலில் நீர் போதவில்லை என்று ஏற்றினார்கள். பிறகு திடீரென்று நீரை நிறுத்திவிட்டார்கள். அம்மாவோ தாகம் தாகம் என்று தவித்தார்கள், முகமெல்லாம் வீங்கிவிட்டது. ஏற்றியதும் சரி, நிறுத்தியதும் சரி என்றால் எப்படி என்று அப்போது யாரும் விளக்கவில்லை. டாக்டர் ஐயா விளக்கினால் மற்றவர்களுக்கும் பயன்படும். அம்மாவுக்குச் சில முறை டயாலிசிஸ் செய்தார்கள். பிளேட்லெட் குறைவாக இருந்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்க்காமல் செய்வதாகச் சொன்னார்கள். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்கள், டயாலிசிஸ் இல்லை.

தேவகோட்டையான்:
அம்மா நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும் வேளையில்தான் தொடங்குகிறது. அப்போது ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்கும் மார்புக் கூட்டுக்கும் போய்விடுகிறது. ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் தவிக்கிறது. அந்த நேரத்தில் நீர் ஏற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கசிவு நின்றதும், வெளியே போன நீர் அத்தனையும் தானாகவே ரத்தக் குழாய்க்குள் திரும்பத் தொடங்கும். அப்போதும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரல் நிறைந்துவிடும், சிறுநீரகத்தின் சிரைகளிலும் தேக்கம் வரும். அதாவது உங்கள் அம்மாவின் மருத்துவர்கள் இரண்டு முறையும் சரியானதையே செய்தார்கள்; இரண்டுக்கும் இடையே நோய் மாறிவிட்டது.

இன்ஃப்ளூயன்ஸாவிலும் கொரோனாவிலும் இப்படிக் கட்டம் கட்டமாகத் தெளிவாகப் பிரியாது. நுரையீரல் நிபுணர் உடல் வறண்டிருப்பதை விரும்புவார், சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் வேண்டும். இடையில் நிற்கும் மருத்துவர் தன் கணிப்பை மணிக்கு மணி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். என்ன நீர் என்பதிலும் கவனம் உண்டு. சாதாரண சலைனில் குளோரைடு மிகுதி. ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைக் கரைசல்கள் சிறுநீரகத்துக்கு ஓரளவு நல்லவை என்று 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஸ்டார்ச் கலந்த கரைசல்கள் சிறுநீரகத்தைக் கெடுப்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

நம் பகுதிக்கு ஒரு செய்தி. பெரிய வீடுகள் ஆண்டில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. வளவில் மழைநீர் பிடிக்க வைத்த அண்டாவும், பின்கட்டில் மூடாமல் விட்ட தொட்டியும் டெங்குக் கொசுவுக்குப் போதும். அதற்குச் சாக்கடை வேண்டியதில்லை, சுத்தமான தேங்கிய நீர்தான் வேண்டும். விசேஷத்துக்கு வந்து வீட்டைத் திறப்பவர்கள் முதலில் அவற்றைக் கவிழ்த்துவிட வேண்டும்.

மானகிரி மாணவர்:
காய்ச்சலும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும்போது, வைரஸ்தான் என்று முடிவு கட்டிவிடலாமா, ஐயா?

தேவகோட்டையான்:
கூடாது. தமிழ்நாட்டில் இதே தோற்றத்தில் வரும் எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் பாக்டீரியாவால் வருபவை, அவற்றுக்கு மருந்து உண்டு. உண்ணிக்காய்ச்சலில் அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பின் அடியிலோ வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு பலருக்கு இருக்கும். ஆடையை விலக்கித் தேடினால்தான் கண்ணில் படும். டாக்சிசைக்ளினைக் காலத்தோடு தொடங்கினால் பெரும்பாலோர் விரைவில் தேறுவார்கள். வைரஸ் என்று தீர்மானித்து அதைத் தேடாமல் விட்டால் தடுக்கக்கூடிய ஓர் இறப்பு நேரும்.

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. முன்கூட்டியே சம்மதம் கொடுத்து வைத்தோம். அன்றைக்கு இரவே பொட்டாசியம் 6.6 ஆகி, ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிந்ததால் தொடங்கிவிட்டார்கள். ரத்த அழுத்தம் தாழ்வாக இருந்ததால் நான்கு மணி நேர முறையாக இல்லாமல், மெதுவாக எட்டு மணி நேரம் ஓடும் முறையில் செய்தார்கள். அதன் பிறகு வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். இப்போது சிறுநீர் நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகிறது, டயாலிசிஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் 2.4. செலவில் ஒரு பகுதிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவியது. இவ்வளவு சிறுநீர் போவது நல்லதா? வீட்டுக்குப் போன பிறகு என்ன கவனிக்க வேண்டும்? பழைய மாத்திரைகளை எப்போது திரும்பத் தொடங்குவது?

தேவகோட்டையான்:
மிக நல்ல செய்தி. நுண்குழாய்கள் மீளும்போது முதலில் வடிகட்டல் திரும்பும். நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் திறன் பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் சிறுநீர் பெருகிப் போகும். இது மீட்சியின் அடையாளம்தான், ஆனால் பொட்டாசியமும் நீரும் இழந்துபோகாமல் சில நாட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் முடியும்போது கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கிரியேட்டினின் பழையபடி 1.1-க்கே வந்துவிட்டாலும், ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் நாள்பட்ட நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதல், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். சர்க்கரை உள்ள 64 வயதுக்காரருக்கு அது பொருத்தமானது.

புதுவயல் மருந்துக்கடை:
மாத்திரைகளைப் பொறுத்தவரை, வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டைகளிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். டெல்மிசார்டனை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் அதுதான். ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் நிலைப்பட்ட பிறகு மருத்துவர் மீண்டும் தொடங்குவார். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியத்தைச் சோதிக்கச் சொல்வார். மெட்ஃபார்மின், வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருக்கும்வரை கூடவே கூடாது. 45-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தடையில்லை. இடையில் இருந்தால் அளவைக் குறைத்துத் தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். தவிர்க்க வேண்டிய வலிமருந்துகளான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் ஆகிய மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அப்பச்சியின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.